ரயில் வராமல் போன ஊர்: நிக்கோடிமஸ் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

1877 செப்டம்பர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து புறப்பட்ட சுமார் 300 பேர், கான்சாஸ் மாநிலத்தின் எல்லிஸ் ஸ்டேஷனில் இறங்கினார்கள். எல்லோரும் கறுப்பினத்தவர். பெரும்பாலானோர் 1865-ல்தான் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள். அங்கிருந்து சுமார் 55 கி.மீ. நடந்து நிக்கோடிமஸ் போய்ச் சேர்ந்தால், ஊரையே காணோம்! மண்ணைத் தோண்டி அமைத்த குழிவீடுகளிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. பல குடும்பங்கள் உடனே திரும்பிவிட்டன.

ஏன் வந்தார்கள்?

நிலத்துக்காகத்தான். அரசு நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் கட்டங்களாக அளந்திருந்தார்கள். அந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் டவுன்ஷிப். அதில் 36 பிரிவுகள். ஒரு பிரிவு 640 ஏக்கர். அதில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கரில் குடியேறி 5 ஆண்டுகள் பயிர் செய்தால், 1862-ம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி அது சொந்தமாகிவிடும்.

முதல் குளிர்காலத்தில் கலப்பை இல்லை, மாடு இல்லை, சாப்பாட்டுக்கே திண்டாட்டம். வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த உணவால்தான் பிழைத்தோம் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ரயில் என்ன ஆச்சு?

1880-களின் நடுவில் ஊர் நிமிர்ந்துவிட்டது. பள்ளி, தேவாலயங்கள், ஹோட்டல், வங்கி, 2 செய்தித்தாள்கள் என எல்லாம் வந்தன. இங்கே குடியேறிய எட்வர்டு மெக்கேப், 1882-ல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்து ரயில் வந்தால் போதும் என்று, டவுன்ஷிப் மக்கள் வாக்களித்து சுமார் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் தர முன்வந்தார்கள். ஆனால் அந்த ரயில் கம்பெனி வரவே இல்லை. 1888-ல் இன்னொரு கம்பெனி சில மைல் தள்ளி, ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. விளைச்சலை ஏற்றவும் சரக்கை இறக்கவும் எல்லோரும் அங்கே போக வேண்டியதாயிற்று. கடைகளும் ஒவ்வொன்றாகப் பக்கத்திலுள்ள போக் என்ற ஊருக்கு மாறின. பிறகு 1930-களின் பொருளாதார மந்தம், வறட்சி, புழுதிப்புயல். 1953-ல் தபால் அலுவலகமும் மூடப்பட்டது.

இப்போது?

1996-ல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் வெறும் 14 பேர். ஆனாலும் ஊர் கைவிட்டுப் போகவில்லை. ஏன்னா, முன்னோர் பெற்ற நிலத்தில் ஒரு பகுதி இன்றும் அந்தக் குடும்பங்களிடம்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் நடக்கும் விடுதலை விழாவுக்கு, பல மாநிலங்களில் வாழும் வாரிசுகள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்கிறார்கள். அந்தச் சில நாட்களுக்கு நிக்கோடிமஸ் மறுபடியும் நிறைந்த ஊர்!