ஓய்வுக்காலமும் ஓடும் வீடும்

மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நம்முடைய கைக்கு வரும் தாள்களில் விண்ணப்பப் படிவங்களுக்குக் குறைவில்லை. எந்தப் படிவமானாலும் ‘நிலையான முகவரி’ என்றொரு கட்டம் அதில் தவறாமல் இருக்கும். மாற்றல் உத்தரவுக்கு ஏற்ப ஊர் ஊராகக் குடிபெயர்ந்த ஊழியரும் அக்கட்டத்தில் தம் சொந்த ஊரின் பெயரை எழுதிவிட்டு நிம்மதி அடைவார். அவ்வாறு எழுதுவதற்கென ஒரு வீட்டையும் வைத்துக்கொள்ளாமல், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் சாலைவழியே வாழும் முதியோர் ஐக்கிய அமெரிக்க நாட்டில் உண்டு. அவர்களுடைய வாழ்க்கை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் அனுகூலம் எது, இடர் எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கர் இவ்வண்டியை ‘ஆர்.வி.’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். நாம் அதனை வீட்டு வண்டி என்போம். இது பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, எஞ்சினும் இல்லமும் ஒன்றாய் அமைந்து தானே ஓடுவது; மற்றொன்று, வேறொரு மோட்டாரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படுவது. இரண்டிலும் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவை அடக்கமாக அமைந்திருக்கும். தரைக்கடியில் வழக்கமாக மூன்று தொட்டிகள் உண்டு. முதலாவது நன்னீருக்கு, இரண்டாவது குளித்த நீருக்கும் பாத்திரம் கழுவிய நீருக்கும், மூன்றாவது மலக்கழிவுக்கு. கழிவுத் தொட்டிகள் நிறைந்தால், அதற்கென அமைந்த நிலையத்துக்குச் சென்று தாமே குழாய் பூட்டி வெளியேற்ற வேண்டும். நகரத்து வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறும் காரியங்கள் இங்கே வீட்டுக்காரரின் கைவேலை ஆகிவிடுகின்றன. மின்சாரமும் அப்படியே. முகாம்களில் மின் இணைப்புக் கிடைக்கும். வெட்டவெளியில் தங்கினால் பாட்டரியும் சூரிய ஒளித் தகடும்தாம் துணை.

எடையும் கவனத்துக்குரியது. 200 லிட்டர் நீர் ஏற்றினால் 200 கிலோ எடை கூடிவிடும். ஆகவே வண்டி தாங்கும் அளவை அறிந்தே ஒவ்வொரு பொருளையும் ஏற்ற வேண்டும். முப்பது ஆண்டு இல்வாழ்க்கையில் சேர்ந்த தட்டுமுட்டுச் சாமான், நூல்கள், பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகள் ஆகியவற்றுள் எதைக் கொண்டுசெல்வது, எதை விடுப்பது? இந்த வாழ்க்கையின் முதல் சோதனை இதுவே.

இத்தகைய வாழ்க்கை தோன்றியதற்குக் காரணங்கள் பல. மோட்டார் வண்டியில் கூடாரமும் தகரடப்பா உணவும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் 1919-ஆம் ஆண்டிலேயே புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் கண்டனர். எனினும் அது விடுமுறைக்கால உல்லாசமே. முதுமையை முழுவதும் சாலையில் கழிக்கலாம் என்ற துணிவைத் தந்தவை பிற்காலத்துச் சட்டங்கள். 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோருக்கு மாதந்தோறும் உதவித் தொகை கிட்டலாயிற்று. 1956-இல் நிறைவேறிய சட்டத்தினால் நாடு தழுவிய நெடுஞ்சாலைகள் எழுந்தன. 1965-இல் ‘மெடிகேர்’ என்னும் முதியோர் மருத்துவக் காப்புறுதி பிறந்தது. யாரையும் சாராத வாழ்க்கை எனத் தோன்றும் இதற்குப் பொது நிதியும் பொதுச் சாலையுமே அடித்தளம் என்பது கருதத்தக்கது.

இவ்வாழ்க்கையின் காட்சியைக் காண வேண்டின், அரிசோனா மாநிலத்துக் குவார்ட்சைட் என்ற பாலைவனச் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். கோடையில் வெயில் கொளுத்தும் இவ்வூரில் நிலையாக வசிப்போர் சில ஆயிரவரே. குளிர்காலம் வந்ததும் வடக்கின் பனிக்கு அஞ்சி வீட்டு வண்டிகள் பெருந்திரளாக வந்து சூழ்கின்றன. மத்திய அரசாங்கத்தின் நிலங்களில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. ஆனால் இவ்வூரை அடுத்த ‘லா போசா’ நிலப்பரப்பு, 1983-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, நெடுநாள் தங்குமிடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையுள்ள ஏழு மாதங்களுக்குப் பல ஆண்டுகளாக வசூலிக்கப்பட்ட கட்டணம் 180 டாலர். இதே ஊரில், 1856-இல் இராணுவத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஒட்டகங்களுடன் வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி இருக்கிறது. நாடோடியாய்த் திரிந்து 1902-இல் மறைந்த அவருடைய நினைவுச் சின்னத்தின் உச்சியில் ஓர் ஒட்டகம் நிற்கிறது.

வாடகை இல்லையென்றால் செலவும் இல்லை எனக் கருதிவிடக் கூடாது. வீட்டின் விலை ஆண்டுகள் செல்ல ஏறக்கூடும். வண்டியின் விலையோ வாங்கிய நாள் முதல் இறங்கும். எரிபொருள், காப்புறுதி, டயர், பழுது எனச் செலவு தொடரும். வண்டி பட்டறைக்குச் சென்றால் வீடும் உடன் செல்கிறது. அந்நாட்களில் விடுதியை நாட வேண்டியதுதான்.

விரும்பிப் புறப்பட்டவர்கள் ஒருசாரார். வேறு வழியின்றிப் புறப்பட்டவர்கள் மற்றொரு சாரார். 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தோர் சிலர் வண்டியில் குடியேறினர். முகாம்களைக் கண்காணித்தல், வட டகோட்டா, மினசோட்டா மாநிலங்களில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பண்டகசாலைகளில் சரக்குப் பிரித்தல் ஆகிய பருவகால வேலைகளில் முதியோர் பலர் உழைப்பதை ஜெசிகா புரூடர் 2017-இல் வெளியிட்ட ‘நோமாட்லாண்ட்’ என்ற நூல் உலகுக்கு அறிவித்தது. அதனைத் தழுவிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. உல்லாசப் பயணியும் வறுமையால் விரட்டப்பட்டவரும் ஒரே முகாமில் அடுத்தடுத்து நிற்கும்போது வெளித்தோற்றத்தில் வேற்றுமை அதிகம் தெரிவதில்லை.

இனி முகவரிக் கட்டத்துக்கு வருவோம். வண்டி ஓடலாம், சட்டம் ஓடுவதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்கு, வரி, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்துக்கும் ஏதேனும் ஒரு மாநிலத்தின் குடியாக இருக்க வேண்டும். ஆகவே, மாநில வருமான வரி இல்லாத தென் டகோட்டா, டெக்ஸஸ், புளோரிடா ஆகியவற்றைப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர். தென் டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டியே ஓட்டுநர் உரிமம் பெற்றவர்கள் பலர். ஆனால் வாக்காளராகப் பதிவு செய்ய 30 நாள் குடியிருப்பு வேண்டுமென அம்மாநிலம் 2023-இல் சட்டம் இயற்றியது. வீட்டை விட்டவர் வாக்குரிமைக்காக மீண்டும் வாசற்படியைத் தேட வேண்டியதாயிற்று.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி உடல்நிலை பற்றியது. அரசாங்கம் நேரே நடத்தும் மெடிகேர் நாடெங்கும் செல்லும். தனியார் நிறுவனங்கள் வழியே வரும் திட்டங்களோ பெரும்பாலும் குறிப்பிட்ட வட்டாரத்து மருத்துவர்களுக்கே உரியன. கண்பார்வை மங்கி, கை நடுங்கி, வண்டியை ஓட்ட முடியாத நாள் வந்தால் என் செய்வது? துணைவரை இழந்து தனித்து நிற்பவர் எங்கே செல்வது?

இக்கேள்விக்கு விடை காண முயன்றவர்கள் வீட்டு வண்டிக்காரர்களே. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதியர் 1978-இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்ற சங்கத்தைத் தோற்றுவித்தனர். டெக்ஸஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரிலுள்ள அதன் தலைமையிடத்துக்கு உறுப்பினரின் கடிதங்கள் வந்து சேர்ந்து, அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கேயே, மூப்பாலோ நோயாலோ பயணம் செய்ய இயலாதவர்களுக்கென ஓர் உதவி நிலையமும் அமைந்தது. முதியவர் தம் வண்டியை அங்கே நிறுத்தி அதிலேயே குடியிருக்கலாம். உணவும், உதவியாளரும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வாகனமும் கிடைக்கும். அவர் தம் படுக்கையையும் சன்னலையும் இழக்க வேண்டியதில்லை. சக்கரம் மட்டுமே நிற்கிறது.

நம் ஊர்த் தேர் நான்கு வீதியும் சுற்றுகிறது. வடம் பிடித்துப் புறப்படும்போதே அது திரும்பி வந்து நிற்க வேண்டிய நிலை எது என்பது ஊரார் அனைவருக்கும் தெரியும். ஓய்வுக்காலத்தைச் சாலையில் கழிக்க விரும்புவோர் வண்டியின் விலையையும் வழியின் அழகையும் விசாரிப்பது இயல்பே. அவற்றோடு, தேர் எங்கே நிலைக்கு வரும் என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நலம். வண்டியில் ஏறாமல் சொந்த வீட்டிலேயே முதுமை எய்தும் நமக்கும் அக்கேள்வி புறம்பானதன்று.