மெயிலில் படம் தெரியவில்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இமெயில் அக்கவுண்ட் ஒன்றையும் தொடங்கிவிட்டீர்கள். ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து மெயில் வருகிறது. திறந்து பார்த்தால் எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. படம் இருக்க வேண்டிய இடங்களில் காலிக் கட்டங்கள்! மானிட்டரில் கோளாறோ, இன்டர்நெட் இணைப்பில் பிரச்னையோ எனப் பயப்பட வேண்டாம். உங்கள் மெயில் புரோகிராம்தான் அந்தப் படங்களை வேண்டுமென்றே தடுத்து வைத்துள்ளது. ஏன் என்று பார்ப்போமா?

இரண்டு வகைப் படங்கள்

மெயிலில் படங்கள் இரண்டு வழிகளில் வருகின்றன. முதல் வகையில், படம் மெயிலுக்குள்ளேயே வைத்து அனுப்பப்படும். நண்பர் இணைத்து அனுப்பும் போட்டோ இந்த வகை. இப்படி அனுப்புகையில் படம் எழுத்துக் குறியீடுகளாக மாற்றப்படுவதால், அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

இரண்டாவது வகையில் படம் மெயிலில் இருக்காது. அனுப்பியவரின் சர்வரில் இருக்கும். அது இருக்கும் முகவரி மட்டுமே மெயிலில் இருக்கும். மெயிலைத் திறந்தவுடன், புரோகிராம் அந்தச் சர்வரைத் தொடர்பு கொண்டு படத்தைப் பெற்றுக் காட்டும். சர்வரிலிருந்து படத்தை நீக்கிவிட்டால், பழைய மெயிலில் காலிக் கட்டம்தான் மிஞ்சும்.

இதில் என்ன ஆபத்து?

ஒவ்வொருவருக்கும் அனுப்பும் படத்தின் முகவரியில் தனி எண் ஒன்றைச் சேர்க்கலாம். அந்த முகவரியில் படம் கேட்கப்பட்டால், மெயிலை நீங்கள் திறந்துவிட்டீர்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். திறந்த நேரம், உங்கள் இணைப்பின் ஐ.பி. எண் ஆகியவையும் சர்வரில் பதிவாகலாம். இதற்குப் பெரிய படம் கூடத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு பிக்ஸெல் அளவுள்ள படம் போதும்.

ஸ்பாம் மெயில் அனுப்புவோருக்கு இது மிகவும் வசதி. இந்த முகவரி உயிரோடு இருக்கிறது எனத் தெரிந்துகொண்டால், மேலும் மேலும் குப்பை மெயில்களை அனுப்பத் தொடங்குவார்கள்.

தடுப்பு வந்த கதை

அவுட்லுக் 2003 தொகுப்பிலும், 2004ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 மூலம் அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் இந்தத் தடுப்பு வந்தது. ஜிமெயில் 2013 டிசம்பரில் வேறு வழியைப் பின்பற்றியது. படங்களைக் கூகுள் தன் சர்வர் வழியே பெற்றுத் தரத் தொடங்கியதால், உங்கள் ஐ.பி. எண் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆனால் தனி எண் கொண்ட படமாக இருந்தால், மெயில் திறக்கப்பட்டது என்பது தெரிய வாய்ப்புண்டு. ஆப்பிள் நிறுவனம் 2021ல், படங்களைத் தன் வழியாக முன்கூட்டியே பெற்றுவிடும் வசதியைத் தந்தது. இதனால் மெயில் உண்மையில் எப்போது திறக்கப்பட்டது என அனுப்பியவரால் அறிய முடியாது.

எப்படி செட் செய்வது?

ஜிமெயில் வழக்கமாகப் படங்களைத் தானே காட்டிவிடும். உங்களைக் கேட்ட பின்னரே காட்ட வேண்டும் எனில், வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ தேர்ந்தெடுக்கவும். ‘ஜெனரல்’ டேபில் ‘இமேஜஸ்’ என்ற பிரிவு இருக்கும். அதில் ‘ஆஸ்க் பிஃபோர் டிஸ்பிளேயிங் எக்ஸ்டெர்னல் இமேஜஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் கீழே உள்ள ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்தவும்.

தண்டர்பேர்ட் பயன்படுத்துகிறீர்களா? அது தானாகவே படங்களைத் தடுத்து, மெயிலின் மேலாக ஒரு பட்டையில் அறிவிக்கும். அதில் உள்ள பட்டனைக் கிளிக் செய்து, அந்த மெயிலுக்கு மட்டுமோ, அந்த முகவரியிலிருந்து வரும் மெயில்கள் அனைத்திற்குமோ அனுமதி தரலாம்.

நன்கு அறிந்தவர்களின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். யாரென்று தெரியாத மெயில் எனில், படத்தைப் பார்க்கும் ஆசையை விட்டு டெலீட் செய்துவிடுங்கள். காலிக் கட்டம் உங்களுக்குக் காவல்தான்.