நடுவானில் பறந்தது கண்ணாடி. ஜன்னலில் தொங்கினார் விமானி! போல்டு மாறியதால் வந்த வினை

17 ஆயிரத்து 300 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் முன்பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஓட்டை வழியாகத் தலைமை விமானியும் வெளியே இழுக்கப்பட்டார். இடுப்புக்கு மேலே ஆகாயத்தில், கால்கள் மட்டும் உள்ளே. இப்படியே சுமார் 20 நிமிடம் தொங்கியவர் உயிர் பிழைத்தார்!

சினிமாக் கதை அல்ல. இங்கிலாந்தில் 1990-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி நடந்தது இது. எல்லாவற்றுக்கும் காரணம், கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற மாதிரியான சின்னச் சின்ன போல்டுகள்.

காலை 8-20 மணி

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்காம் நகரில் இருந்து ஸ்பெயின் நாட்டு மலாகா நகருக்குக் கிளம்பியது. உள்ளே 81 பயணிகள், 6 சிப்பந்திகள். தலைமை விமானி டிம் லங்காஸ்டர். துணை விமானி அலஸ்டேர் அட்சிசன்.

13 நிமிடம் ஆயிற்று. விமானம் நன்றாக மேலே ஏறிவிட்டது. லங்காஸ்டர் தோள் பட்டையைக் கழற்றி, இடுப்பு பெல்ட்டையும் தளர்த்திக்கொண்டார். பின்னால் டீ, காபி கொடுக்க ஆயத்தம் நடந்தது.

அப்போது ‘டமார்’ என்று ஒரு சத்தம். லங்காஸ்டருக்கு எதிரே இருந்த கண்ணாடியைக் காணோம். அவரையும் காணோம்!

காலைப் பிடித்தார்

விமானச் சிப்பந்தி நைஜல் ஆக்டன் பாய்ந்து போய் விமானியின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். வெளியே உறைபனிக் குளிர். ஆளைத் தூக்கி அடிக்கும் காற்று. விமானி அறைக் கதவு பெயர்ந்து உள்ளே வந்து, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிகள் மேல் விழுந்து கிடந்தது. ரேடியோவில் பதில் சொன்னாலும் காற்றிரைச்சலில் காது கேட்கவில்லை. அட்சிசன் ஒற்றை ஆளாக விமானத்தைக் கீழே இறக்கினார்.

ஆக்டனின் கை மரத்துப் போனது. மற்ற சிப்பந்திகள் மாறி மாறிப் பிடித்தார்கள். விமானி செத்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனாலும் விடவில்லை. விட்டால் உடல் இறக்கையிலோ என்ஜினிலோ மோதி, விமானமே விழுந்துவிடும் அல்லவா?

8-55 மணிக்கு சவுதாம்ப்டனில் விமானம் பத்திரமாக இறங்கியது. பயணிகளுக்கு ஆபத்து இல்லை. லங்காஸ்டருக்கு எலும்பு முறிவும் பனிக்கடியும்தான். ஐந்து மாதத்துக்குள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். கெட்டிக்கார உசிரு!

90-ல் 84 தப்பு

காணாமல் போன கண்ணாடி ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் சோல்சி என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தது. விபத்து விசாரணை அதிகாரிகள் போல்டுகளைப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டது.

கண்ணாடியைப் பிடித்திருந்தவை 90 போல்டுகள். அதில் 84 போல்டுகள் கனம் குறைந்தவை. எவ்வளவு குறைவு? ஒரு மில்லி மீட்டர்கூட இல்லை. அரை மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம். மீதி 6 போல்டுகள் கனம் சரி, நீளம் குறைவு. ஆக 90-ம் தப்பு!

வேறு பல விமானங்களில் கண்ணாடியை உள்பக்கமாகப் பொருத்துவார்கள். உள்ளே இருக்கும் காற்றழுத்தமே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இந்த ரக விமானத்தில் வெளியே இருந்து பொருத்தவேண்டும். மேலே போகப் போக, பிரஷர் குக்கர் மாதிரி உள்ளே இருந்து அழுத்தம் வெளியே தள்ளும். தாங்குவது போல்டு மட்டும்தான்.

ராத்திரி வேலை

கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு இதுதான் முதல் பயணம்.

மாற்றியவர் கத்துக்குட்டி அல்ல. பர்மிங்காம் விமான நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவின் ஷிப்ட் மேலாளர். அனுபவஸ்தர். அன்று ஆள் பற்றாக்குறை. விடியற்காலை வேளையில் தானே வேலையில் இறங்கினார்.

பழைய போல்டுகளைக் கழற்றினார். அவையே குட்டையானவை. முன்பு எவரோ செய்த தவறு! நான்கு வருடம் எப்படியோ தாங்கியிருக்கிறது. அதே ரகம் வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனார். அங்கிருந்தவர், இந்தக் கண்ணாடிக்கு வேறு அளவு அல்லவா என்று சரியாகவே சொன்னார். மேலாளர் கேட்கவில்லை. பழசில் இருந்ததே போதும் என்று நினைத்தார்.

ஸ்டோரில் அந்த ரகம் போதுமான அளவு இல்லை. வண்டி எடுத்துக்கொண்டு விமான நிலையத்தின் இன்னொரு பக்கம் போனார். பொறுப்பாள் யாரும் இல்லாத இடம், வெளிச்சமும் போதாது. பழைய போல்டையும் டிராயரில் இருந்ததையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஒன்று போலவே தெரிந்தது. அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போடவேண்டிய கண். அன்று போடவில்லை.

மாட்டும்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா? போல்டின் தலை பள்ளத்துக்குள் அமுங்கித்தான் இருந்தது. விமானத்தின் மூக்கின் மேல் எட்டிச் சாய்ந்து வேலை பார்த்ததால் அது அவர் கண்ணில் படவில்லை.

இன்னொருவர் வந்து சோதித்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் கண்ணாடி மாற்றும் வேலைக்கு இரண்டாவது ஆள் சோதிக்கவேண்டும் என்று அங்கே விதியே இல்லை! உள்ளே காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்றும் இல்லை.

1992-ல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அதில் உள்ள சிபாரிசுகளில் ஒன்று: டாக்டர் மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால், விமானம் பழுது பார்ப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும்.