பேரன் கூப்பிடுகிறான்... முழங்கால் ஒத்துழைக்குமா?

"டாக்டர், பையன் டிக்கெட் எடுத்துட்டான். ஜூலையில டிஸ்னி வேர்ல்டு கூட்டிட்டுப் போறானாம். நாலு நாள், நாலு பார்க். இவளுக்கு முழங்கால் வலி, எனக்குச் சுகர். ஏதாவது தைலம், லேகியம் குடுங்க. சமாளிச்சுடறோம்."

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மனைவியோடு வந்து என்னிடம் இப்படிக் கேட்டார். அட்லாண்டாவில் இருக்கும் மகன் அனுப்பிய பயணத் திட்டத்தையும் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, இரவு வாணவேடிக்கை முடிந்து பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்புவது. இப்படியே நான்கு நாள். சாப்பாட்டுக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தூக்கத்துக்கு? கேட்கவே வேண்டாம்.

தைலம் கொடுப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டியது முழங்காலுக்கு இல்லை, இந்தப் பேப்பருக்குத்தான் என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிள்ளை ஆசையாகப் போட்டது அல்லவா?

உங்களில் பலர் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பார்கள். பெற்றோர் வந்தால் நயாகரா, அடுத்தது டிஸ்னி வேர்ல்டு என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல், நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரி என்று நினைத்துக் கிளம்பக் கூடாது.

ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட இடம் இது. பரப்பு சுமார் 25,000 ஏக்கர். உள்ளே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனிப் பூங்காக்கள். இவை அடுத்தடுத்து இல்லை; ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பெரும்பாலும் வண்டி ஏறித்தான் போக வேண்டும். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போனால், காரை நிறுத்திய பிறகு ஏரியைத் தாண்ட வேண்டும். படகு அல்லது மோனோ ரயில். அதற்குப் பிறகுதான் வாசல். எப்காட்டில் பதினொரு நாடுகளின் அரங்குகள் ஒரு ஏரியைச் சுற்றி இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். காலை முதல் இரவு வரை இருந்தால் பத்து கிலோமீட்டர் நடந்துவிடுவது அங்கே சர்வ சாதாரணம். வீட்டில் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடக்கிற கால்கள் திடீரென்று இதற்கு எப்படித் தயாராகும்?

பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்தபோது முதல் வருடமே மனதில் பதிந்த பாடம், 'பதினான்கு வேகங்கள்'. உடம்பு தானாக எழுப்புகிற பதினான்கு உணர்ச்சிகள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர்கள் சொன்னது. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி என்று போகிற அந்தப் பட்டியலில் பசி, தாகம், இளைப்பு, தூக்கம் எல்லாம் உண்டு. இப்போது அந்த மகனின் திட்டத்தை இதோடு ஒத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும்போது சிறுநீரை அடக்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் தாகத்தை அடக்க வேண்டும். 'இந்த ஒரு ரைடு முடியட்டும்' என்று பசியை அடக்க வேண்டும். கால் வலித்தாலும் பேரன் முகம் வாடக் கூடாதே என்று இளைப்பை அடக்க வேண்டும். பணம் கொடுத்து, விமானம் ஏறிப் போய், பதினான்கில் நான்கை ஒரே நாளில் அடக்குகிறோம்!

பெரியவர் ரத்த அழுத்தம் பார்க்க உள்ளே போனபோது, அந்த அம்மா மெல்லிய குரலில் என்னிடம் சொன்னார்: "வெளியில கிளம்பினா நான் தண்ணியே குடிக்க மாட்டேன் டாக்டர். பாத்ரூம் தேடணுமேன்னு பயம்."

நம் வீட்டுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. இங்கே பஸ் ஸ்டாண்டுகள் இருக்கிற லட்சணத்தில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அங்கே அந்தப் பயம் தேவையே இல்லை. பூங்கா முழுக்கக் கழிப்பறைகள் உண்டு. கவுண்டரில் உணவு விற்கும் இடங்களில் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் கொடுப்பார்கள். வரிசையில் நிற்பதற்கு முன் கழிப்பறை, வெளியே வந்ததும் தண்ணீர். இதை ஒரு விதியாகவே வைத்துக் கொள்ளுங்கள்.

ஜூலையில் ஆர்லாண்டோவில் பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். "நம்ம வேலூர் வெயிலுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று சிரிப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதுதான் விஷயம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அங்கே அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வருவதும் அந்தப் பருவத்தில் வழக்கம். அப்போது திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். இன்னும் தேதி குறிக்காதவர்கள் ஜனவரி பிற்பகுதியைப் பாருங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம், கூட்டம் நெரியும். பேரனுக்கு லீவு ஜூலையில்தான் என்றால் என்ன செய்வது? காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பன்னிரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டு, படுத்து, ஐந்து மணிக்கு மேல் மறுபடி போகலாம். அதே நாள் டிக்கெட்டில் அதே பூங்காவுக்குள் மீண்டும் நுழையலாம். "காசு வீணாகுதே" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இனி, சர்க்கரை நோயாளிகள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

2023 ஜூலையில் நானும் என் மனைவியும் மகள் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். இரண்டாம் நாள். என் மனைவி காலையில் வழக்கம்போல சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, இரண்டு ரொட்டித் துண்டு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். எட்டு மணியிலிருந்து நடை. இரண்டரை மணி வரை மத்தியானச் சாப்பாடு இல்லை. ஒரு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது முகமெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, "என்னங்க, கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்றார். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் என்ன செய்தேன் தெரியுமா? வெயில் என்று நினைத்துத் தொப்பியால் விசிறினேன்! என் மகள்தான் சட்டென்று குழந்தையின் பையிலிருந்த ஆப்பிள் ஜூஸை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அது வெயில் இல்லை, சர்க்கரை இறங்கியது. பக்கத்தில் வைத்தியர் இருந்தும், காப்பாற்றியது ஜூஸ்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, நடை கூடிச் சாப்பாடு தள்ளிப்போனால் இப்படி ஆகலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை அல்லது அரை டம்ளருக்கு மேல் ஜூஸ். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தடுமாறிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். நான்கு பூங்காக்களிலும் முதலுதவி நிலையம் உண்டு. அது எங்கே என்று நுழையும்போதே வரைபடத்தில் பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். நடை அதிகமான நாட்களில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை, அந்த மருந்தை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக என்னிடம் சூரணம் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாட்டில் மட்டும் கூடாது. இட்லியில் மிளகாய்ப் பொடி தடவி எடுத்துப் போங்கள், சப்பாத்தியும் நல்லது. தயிர் சாதத்தை மட்டும் குளிர்ப் பெட்டி இல்லாமல் கட்டாதீர்கள். அந்தச் சூட்டில் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். மாமிசம் சாப்பிடாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தாவர உணவு என்று அடையாளம் போட்டே விற்கிறார்கள்.

அடுத்தது சக்கர நாற்காலி. இந்தப் பேச்சை எடுத்ததுமே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஐயோ, நோயாளி மாதிரி..." என்றார். வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. எண்ணிக்கை குறைவு, முதலில் வருபவர்களுக்குத்தான். காலையில் முடிந்தவரை நடந்து, கால் கெஞ்ச ஆரம்பிக்கும்போது உட்காருங்கள். அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூட்டு வீங்கி மிச்ச நாட்களை ஓட்டல் அறையில் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உட்கார்ந்தே பார்க்கிற காட்சிகளும் நிறைய இருக்கின்றன. எப்காட்டில் 'லிவிங் வித் தி லேண்ட்' என்ற படகுச் சவாரி எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணே இல்லாமல் காய்கறிகளை வளர்க்கும் கண்ணாடித் தோட்டங்களுக்குள் படகு போகும். ஏ.சி. வசதியோடு கால் மணி நேர ஓய்வு! அனிமல் கிங்டத்தில் மிருகங்களைப் பார்க்கப் போகும் வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும். முதுகுத்தண்டு தேய்மானம் உள்ளவர்கள் யோசித்து ஏறுங்கள். வேக ரைடுகளின் வாசலில் கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம், இதய நோய், கழுத்து, முதுகுக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். "தாத்தா, பயமா?" என்று பேரன் சீண்டினால், "ஆமாண்டா கண்ணா" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்காருங்கள். அவனுக்கும் ஒரு தடை உண்டு. ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44 அங்குல உயரம் இருந்தாக வேண்டும். வீட்டிலேயே அளந்து சொல்லிவிட்டால் அங்கே போய் அழமாட்டான்.

ஊரிலிருந்து போய் இறங்கிய வாரமே அங்கே கிளம்பாதீர்கள். ஜூலையில் நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். தூக்கமும் மலமும் பழைய கணக்குக்கு வர ஒரு வாரமாவது வேண்டும். மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, அதனதன் அட்டையிலேயே கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். பேர் எழுதாத சூரணப் பொட்டலங்களும், செந்தூரங்களும் பெட்டியில் வேண்டாம். பயணத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகவே போகாதீர்கள்.

ராத்திரி அறைக்கு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, குதிகால், பாதம் எல்லாம் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. வெந்நீரில் காலை வைப்பதும் அவர்களுக்கு ஆபத்து, சூடு தெரியாமல் வெந்துவிடும். மற்றவர்கள் முழங்காலில் உளுந்துத் தைலம் தடவி, வெதுவெதுப்பாக ஒற்றடம் கொடுத்துப் படுக்கலாம்.

பெரியவரின் மகனிடம் என் அறையிலிருந்தே போனில் பேசினேன். நல்ல பிள்ளை, உடனே புரிந்துகொண்டான். நான்கு பூங்கா மூன்றானது, நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. அந்த அம்மாவுக்கு உளுந்துத் தைலமும், ஒரு வேலையும் கொடுத்தேன். பயணத்தில் போடப்போகிற அதே ஷூவை இப்போதே வாங்கி, தினமும் இருபது நிமிடம் நடக்க ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்ட வேண்டும். புது ஷூவோடு விமானம் ஏறுவதுபோல் முட்டாள்தனம் வேறில்லை. போன வாரம் வந்தபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது என்றார். புடவையோடு ஷூ போட்டு நடப்பதைப் பார்த்துத் தெருவில் இரண்டு பேர் சிரித்தார்களாம். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.