பயணச் செலவை ஏற்றவர் யார்?

ஒரு சிறுகதை பிடிக்காமல் போனால் வாசகருக்கு இழப்பு அரைமணி நேரம்தான். பயணக் கட்டுரையை நம்பி விடுமுறை எடுத்து, ரயில் சீட்டும் விடுதி அறையும் முன்பதிவு செய்து, வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படும் குடும்பமோ, ஓராண்டுச் சேமிப்பையே எழுதியவரின் சொல்லை நம்பிச் செலவிடுகிறது. பயண எழுத்தாளர் என்னும் சொல்லில் இன்று அச்சிதழில் எழுதுபவரோடு வலைப்பதிவர், யூடியூபர், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் எனப்படும் சிறு காணொலிகளை இடுபவர் ஆகிய அனைவரும் அடங்குவர். அவர் அங்கே உண்மையிலேயே போனாரா, எப்போது போனார், யாருடைய செலவில் போனார் என்று அறியும் உரிமை வாசகருக்கு உண்டு. இத்தொழிலின் நெறிகள் பெரும்பாலும் அந்த உரிமையிலிருந்தே பிறக்கின்றன.

சென்னையிலிருந்த உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். வழிநெடுக அவர் நண்பருக்கு எழுதியனுப்பிய குறிப்புகள் 1838இல் ‘காசியாத்திரைச் சரித்திரம்’ என்னும் தெலுங்கு நூலாக வெளிவந்தன. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள தொலைவு, பாதையின் நிலை, தங்கச் சத்திரம் உண்டா, கடையும் தண்ணீரும் உண்டா என்பவற்றைத் தமக்குப்பின் வரும் யாத்திரிகருக்குப் பயன்படும்படி அவர் பதிந்து சென்றார். இன்றைய காணொலிகளுள் பல, காட்சியழகில் எவ்வளவோ முன்னேறியிருந்தும், அந்தப் பொறுப்புணர்வில் அவருக்கு மிகவும் பின்தங்கியே நிற்கின்றன.

போகாத ஊரைப் பற்றி எழுதலாகாது என்பது சொல்லாமலே விளங்க வேண்டிய நெறி; எனினும் 2008இல், உலகப் புகழ்பெற்ற வழிகாட்டி நூல் வரிசையான லோன்லி பிளானட்டுக்கு எழுதிய ஒருவர், கொலம்பியா நூலுக்கான தம் பகுதியை அந்நாட்டுக்குப் போகாமலே எழுதியதாகக் கூறியது பெருஞ்சர்ச்சையாயிற்று. வரலாற்றுப் பகுதியை எழுதவே அவர் அமர்த்தப்பட்டார் என்று பதிப்பகம் விளக்கமளித்தது. நேரில் கண்டதையும் நூலில் படித்ததையும் பிறரிடம் கேட்டதையும் பிரித்துக் காட்டும் பழக்கம் இருந்தால் இத்தகைய ஐயத்துக்கே இடமிருக்காது.

செலவை ஏற்றவர் யார் என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. சுற்றுலாத் துறையோ விமான நிறுவனமோ விடுதியோ எழுத்தாளரை அழைத்துச் சென்று, பயணம், தங்கல், உணவு அனைத்தையும் தானே ஏற்பதைப் பத்திரிகையாளர் சுற்றுலா என்பர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பயணப் பகுதி இத்தகைய இலவசங்களைப் பெற்றவரின் எழுத்தை ஏற்பதில்லை. 1987இல் தொடங்கிய காண்டே நாஸ்ட் டிராவலர் இதழ், செலவை இதழே ஏற்பதைத் தன் கொள்கையாக அறிவித்துக்கொண்டு வந்தது. உயர்ந்த நெறிதான். ஆயினும் கட்டுரைக்குச் சிறு சன்மானம் மட்டுமே கிடைத்து, பயணப்படி கிடைக்காத தமிழ்ச் சூழலில் இதை அப்படியே விதியாக்கினால், சொந்தப் பணம் உள்ளவர்கள் மட்டுமே பயணம் எழுத முடியும் என்ற நிலை உண்டாகும். ஆகவே அழைப்பை ஏற்பது குற்றமன்று. ஏற்றதை மறைப்பதே குற்றம் என்று கொள்வதே இங்கு நியாயமாகும்.

சட்டமும் அந்தத் திசையிலேயே நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் பரிந்துரை விளம்பர வழிகாட்டலைத் திருத்தி வலைப்பதிவரையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 ஜூன் 14 முதல் நடைமுறைப்படுத்திய நெறிகளின்படி, பணம் மட்டுமன்றி இலவசப் பயணமும் தங்கலும்கூட வணிகத் தொடர்பாகவே கருதப்படும். ஆகவே அத்தகைய பதிவில் ‘விளம்பரம்’, ‘கூட்டுமுயற்சி’ போன்ற அடையாளம் வாசகர் கண்ணில் முதலிலேயே படும்படி இருக்க வேண்டும். இந்தத் தர மன்றம் விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட அமைப்பு என்றாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னால் அரசே நிற்கிறது. தவறான விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கவும், ஓராண்டு வரை பரிந்துரை செய்வதைத் தடைசெய்யவும் அச்சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உள்ளது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டி, பதிவு எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்க் காணொலியின் அடியில், முப்பது ஹேஷ்டேகுகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் புதைத்துவைப்பது வெளிப்படுத்தல் ஆகாது.

அழைப்பை ஏற்கும் முன்பே, வெளியிடுவதற்குமுன் கட்டுரையைக் காட்டி ஒப்புதல் பெறும் நிபந்தனைக்கு உடன்பட இயலாது என்று மின்னஞ்சலில் எழுதிவிடுவது நல்லது. அதற்கு இணங்காத விடுதி கேட்பது விளம்பர வாசகத்தை. அதையும் எழுதித் தரலாம், ஆனால் அதற்குரிய கூலியைப் பெற்றுக்கொண்டு, விளம்பரம் என்ற பெயரிலேயே தர வேண்டும்.

உரிமை பற்றிய அறியாமையால் இளம் எழுத்தாளர்கள் இழப்பது மிகுதி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரின் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் அவரே. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாத ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாதது இந்தியாவுக்குள்ளும் மட்டுமே பொருந்தும். ஒளிப்படத்துக்கும் காணொலிக்கும் நிலைமை தலைகீழ்: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கட்டணம் பெற்று எடுத்தவற்றுக்கு, மாற்று உடன்பாடு இல்லாத பட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர். எழுத்து தம்முடையதாக இருக்க, அதனுடன் எடுத்த படங்கள் விடுதியுடையவை ஆகிவிடும் இந்த வேறுபாட்டை முன்னரே அறிந்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்பவர் மிகச் சிலரே. இலவசமும் வருமானமே என்பதும் நினைவிருக்க வேண்டும்: தொழில் சார்ந்து ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட பயனைப் பொருளாகவோ பயணமாகவோ தருபவர் அதில் 10 விழுக்காட்டை வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது.

எழுத்து வருமானம் மட்டுமே குடும்பத்தைத் தாங்குவது அரிது. வேலையை விட்டுவிட்டு ஊர்சுற்றப் புறப்படுமாறு தூண்டும் அறிவுரைகள், அப்படிப் புறப்பட்டு வென்ற சிலரிடமிருந்தே வருகின்றன. நூறு ஊர்களைத் தொட்டு வருவதைவிட ஒரு வட்டாரத்தை அதன் பேச்சு, பயிர், திருவிழா, பேருந்து நேரம் வரை அறிந்திருப்பவருக்கே இதழாசிரியர்கள் மீண்டும் மீண்டும் வேலை தருவர்.

பார்க்கப்படும் இடத்துக்கும் எழுத்தாளர் கடமைப்பட்டவர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களுள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. வனத்துறை அனுமதி, தீப்பிடிக்கும் பருவம் ஆகியவற்றைச் சொல்லாமல் காட்டுப் பாதையொன்றின் அழகை மட்டும் காட்டும் பதிவு, அறியாதவரை ஆபத்துக்குள் அனுப்புகிறது. அந்தமான் பழங்குடியினரைக் காக்கும் 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் இருந்தும், 2025 மார்ச் இறுதியில் அமெரிக்க யூடியூபர் ஒருவர் வடக்கு சென்டினல் தீவில் இறங்கிக் கைதானார். வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு சிறு சமூகத்தின் உயிரைவிடப் பார்வையாளர் எண்ணிக்கை பெரிதென்று கருதும் மனநிலையை இத்தொழிலில் உள்ளவர்கள் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளியதும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும், போன தேதியைக் குறிப்பதாகும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகி, மறு ஆண்டு நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் வாகனங்களுக்கும் வரம்பு வந்தது. அதற்கு முந்திய பதிவுகளோ தேதியின்றி இன்றும் தேடலில் முன்னால் நிற்கின்றன. பழைய பதிவுகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்து, மாறியதைத் திருத்தி, திருத்திய நாளைக் கட்டுரையின் தலைப்பிலேயே இடுவதற்கு ஒரு பிற்பகல் போதும்.