மெட்ராஸ் பெயரில் ஒரு முள்ளெலி... மணலித் தோட்டத்துக்கு வரும் அதன் சொந்தக்காரர் யார்?

லண்டனில் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குள் ராத்திரியில் முள்ளெலி நுழையும் ரீல்ஸ் உங்கள் போனிலும் வந்திருக்கும். பிரிட்டனில் முள்ளெலி வந்துபோக வேலிக்கு அடியில் 13 செ.மீ. ஓட்டையே விட்டு வைக்கிறார்கள். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?" என்று கேட்டால், சென்னையின் பழைய பெயரோடு ஒரு முள்ளெலியே இருக்கிறது: மெட்ராஸ் முள்ளெலி.

1851-ல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்ட் இதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். அறிவியல் பெயரில் உள்ள 'நூடிவென்ட்ரிஸ்' என்றால் வெற்று வயிறு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

அதுக்காக மணலியில் டார்ச்சோடு காத்திருக்க வேண்டாம். வறண்ட புதர்க்காடும் புல்வெளியும்தான் இதன் வீடு. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமும், கொங்கு மண்டல மேய்ச்சல் நிலங்களிலும் பார்க்கலாம். அதுவும் பல நேரம் ரோட்டில் அடிபட்டு. ஆபத்து வந்தால் இது ஓடாது, பந்தாகச் சுருண்டுகொள்ளும். நரியிடம் பலிக்கும், லாரி டயரிடம் பலிக்காது.

இன்னொரு பக்கம், முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு இருமல் நிற்கும் என்று நம்பி இதைப் பிடிக்கிறார்கள். அந்த முள் வெறும் கெரட்டின். நம் நகமும் அதேதான். நகத்தைச் சுட்டு யாராவது குழந்தைக்குக் கொடுப்போமா?

2025-ல் தமிழக அரசு சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி உள்ளிட்ட நான்கு உயிரினங்களைக் காக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் மெட்ராஸ் முள்ளெலியும் உண்டு.

அப்போ மணலிக்கு வருவது?

பெயரில் எலி இருந்தாலும் முள்ளெலி எலி இனமே இல்லை. (முள்ளம்பன்றிதான் எலிக்குச் சொந்தம். குழப்பம்தான், என்ன செய்வது!) முள்ளெலியின் உறவுக்காரர் மூஞ்சூறு. ராத்திரி தண்ணீர்த் தொட்டி ஓரம் 'கீச் கீச்' என்று ஓடுமே, அதேதான். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, டேங்கர் லாரி என எதற்கு நடுவிலும் வாழும். கரப்பான், வண்டு எல்லாம் அதற்குச் சாப்பாடு.

ஆனா நாம் அதையும் எலி என்றே நினைத்து மருந்து வைக்கிறோம், பசை அட்டை போடுகிறோம். கரப்பானைத் தின்ன வந்தது அதில் ஒட்டிக்கொண்டு சாகிறது. எலித் தொல்லை இருந்தால் கூண்டுப் பொறி போதும். காலையில் பார்த்து, மூஞ்சூறாக இருந்தால் திறந்துவிடலாம். வெறும் கையால் தொடக் கூடாது, நோய் பரவலாம்.

அடையாளம் சுலபம்: நீண்ட கூர் மூக்கு, குட்டிக் கண், ஒரு மாதிரி கஸ்தூரி நாற்றம். பார்க்க ஆசைப்பட்டால் டார்ச் மேல் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றி, அசையாமல் உட்காருங்கள். எப்போதும் சுவரை ஒட்டியே ஓடும். அதிர்ஷ்டம் இருந்தால் குடும்பத்தோடும் வரும்: அம்மாவின் வாலடியைக் கவ்வி ஒரு குட்டி, அதைக் கவ்வி அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று சுவரோரம் ஒரு குட்டி ரயிலே போகும்.