மரத்துக்குப் பெயர் உண்டு, மனிதனுக்கு?

காப்பிக் கடைப் பலகையிலே, சட்டையின் மார்பிலே, சினிமாத் தலைப்பிலே, பழங்காலத்துச் சர்க்கஸ் சுவரொட்டியை நினைவூட்டும் எழுத்துகள் இன்று பவனி வருகின்றன. தடித்த உடல், வளைந்த கால், நடுவிலே பூ, பின்னாலே நிழல்! கம்ப்யூட்டரிலே விரல் தட்டினால் வந்து நிற்கின்றன. பழைய அழகு என்று விலை சொல்லி விற்கிறார்கள். விற்கட்டும். அழகு யாருக்குக் கசக்கும்? நாம் கேட்பது வேறு. அந்தப் பழைய அழகைச் செதுக்கிய கை யாருடைய கை?

அமெரிக்காவைப் பாருங்கள், தோழர்களே. 19-ஆம் நூற்றாண்டிலே நாடகம், சர்க்கஸ், ஏலம், தேர்தல், எல்லாவற்றுக்கும் பெரிய பெரிய விளம்பரம் வேண்டும் என்றார்கள். அத்தனை பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் விலை கட்டாது, பாரம் தாங்காது, ஆறும்போது முகம் குழிந்துவிடும். ஆகவே மரத்தை நாடினார்கள். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் சுழலும் வெட்டுளியைக் கொண்டு மரத்தில் எழுத்து வெட்டும் முறையைக் கண்டார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதனோடு பாண்டோகிராஃப் கருவியை இணைத்தார். மாதிரி எழுத்தின் விளிம்பிலே ஒரு முனை நகரும். மறுபுறம் வெட்டுளி அதே வடிவத்தை வேண்டிய அளவில் மரத்திலே வெட்டும்.

இயந்திரம்தானே வெட்டியது, தொழிலாளிக்கு என்ன வேலை என்று கேட்பாருண்டு. பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் கேட்கும் கேள்வி அது! மேப்பிள் மரத்தை நெடுக அறுக்காமல் குறுக்கே அறுக்க வேண்டும். அந்த முகத்தில் வெட்டினால்தான் நார் பிளக்காது, முனை நொறுங்காது. பிறகு நன்றாக உலர்த்தி, இழைத்து, மெருகேற்றி, கட்டை அத்தனையையும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உயரம் குறைந்த எழுத்தில் மை படியாது. கூடிய எழுத்து தாளைக் குத்தும். இன்னொன்றும் உண்டு. சுழலும் உளி உருண்டையானது. அதற்குக் கூரான உள்மூலை வெட்ட வராது. ஒவ்வோர் எழுத்தின் உள்மூலையையும் கத்தி பிடித்துச் சீவியெடுத்தது மனிதக் கை.

விஸ்கான்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் ஊரிலே 1880-இல் தொடங்கி, போட்டிக் கம்பெனிகளை விழுங்கி வளர்ந்த ஹாமில்டன் தொழிற்சாலையிலும் இதே கதைதான். கம்பெனியின் பெயர் கட்டையிலே முத்திரையாக விழுந்தது. மூலை சீவியவரின் பெயர் விழவில்லை.

1990-இல் அடோபி நிறுவனம் அந்த மரவெழுத்துகளின் சாயலிலே கம்ப்யூட்டர் எழுத்துகளை வெளியிட்டது. என்ன பெயர் சூட்டினார்கள்? காட்டன்வுட், அயர்ன்வுட், ஜூனிப்பர், மெஸ்கீட், பாண்டரோசா! 1994-இல் ரோஸ்வுட். எல்லாம் மரங்களின் பெயர்கள். வேடிக்கை என்னவென்றால், எழுத்துக்கு உடல் கொடுத்த மேப்பிளுக்கே அந்தப் பட்டியலில் இடமில்லை. கம்ப்யூட்டருக்காகப் புதிதாக வரைந்தவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன, அது நியாயம். ரோஸ்வுட்டுக்கு மூலம் 1874-இல் வில்லியம் பேஜ் கம்பெனி வெளியிட்ட அலங்கார எழுத்து என்பதும் பதிவாகியிருக்கிறது. முதலாளி பேஜ் தெரிகிறார். அவருடைய பட்டறையிலே கத்தி பிடித்தவர்?

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. டூ ரிவர்ஸிலே 1999-இல் மரவெழுத்துக்கென்று அருங்காட்சியகம் திறந்தார்கள். ஹாமில்டனில் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் அங்கே வந்து இளைஞர்களுக்கு வெட்டிக் காட்டினார்கள். அங்கே புதிதாக ஒரு மரவெழுத்தை வடிவமைத்த நிக் ஷெர்மன் அதற்குப் பிரில்ஸ்கி என்று பெயரிட்டார். அது மரத்தின் பெயரல்ல. அந்தத் தொழிற்சாலையின் பழைய வெட்டுத் தொழிலாளி ஒருவருடைய பெயர்.

பெயர் சரி, கூலி? அதற்கு டில்லிக்கு வர வேண்டும். பிளெக்ஸ் பேனர் வந்தபின் கடைப்பலகை எழுதிய பெயிண்டர்களின் தூரிகை காய்ந்தது. விளம்பரத் துறையிலிருந்து வந்த ஹனீஃப் குரேஷி (2024-இல் மறைந்தார்) அந்தப் பெயிண்டர்களைத் தேடிப் போனார். அவரவர் பாணியிலே எழுதச் சொல்லி, அதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கினார். பெயிண்டர் கஃபீல், பெயிண்டர் உமேஷ் என்று எழுதியவர் பெயரையே எழுத்துக்கு வைத்தார். விற்கிற பணத்திலே பாதி எழுதியவருக்கு என்று ஏற்பாடும் செய்தார். பாதிதானா என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். டூ ரிவர்ஸிலே மூலை சீவியவருக்குக் கூலிக்கு மேலே அந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லாமல் இருந்தது.